வயிறு காலியாகும் வேகத்தை மூச்சில் அளப்பது: அம்மாவுக்கு இரண்டு இடங்களில் செய்த பரிசோதனை

நாங்கள் ராமநாதபுரம் ஜில்லா மண்டபம் ஊரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை வந்து 18 வருஷம் ஆகிறது, இன்சுலின் போட ஆரம்பித்து 7 வருஷம். போன வருஷத்திலிருந்து ஒரு புதுத் தொந்தரவு. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவார், மதியம் 1 மணிக்குச் சாப்பிட்ட சோறு ராத்திரி 9 மணிக்கு வாந்தியில் பருக்கை பருக்கையாக அப்படியே வரும். அதைவிடப் பயமாக இருந்தது சர்க்கரை இறங்கியதுதான். சாப்பிடுவதற்கு முன்னால் ஊசி போட்டுவிடுவோம், ஊசி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், ஆனால் சோறு வயிற்றைவிட்டு இறங்கினால்தானே ரத்தத்தில் சர்க்கரை ஏறும்? ஒரு ராத்திரி 52க்கு வந்து, வேர்த்து ஊற்றி, பேச்சு குழறி, பக்கத்து வீட்டு அக்கா சீனித் தண்ணீர் கரைத்து ஊட்டித்தான் மீண்டார்.

வயிறு மெதுவாக வேலை செய்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்யலாம் என்றார் மருத்துவர். செய்தோம். நான்கு மாத இடைவெளியில், இரண்டு இடங்களில். முதல் இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாள் கொடுத்தார்கள், இரண்டாவது இடத்தில் தாமதம் என்று தெளிவாக வந்தது. அதே அம்மா, அதே வயிறு. இரண்டு இடங்களின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எந்த ஊரில், எந்த இடத்தில் செய்தாலும் போவதற்கு முன்னால் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும், பெயர் அவ்வளவு முக்கியமில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மூச்சுப் பரிசோதனை என்று சொன்னால் பெரும்பாலும் அல்சர் கிருமிக்குச் செய்வதைத்தான் நினைக்கிறார்கள். கீழக்கரையில் இருக்கும் என் சித்தி மகனுக்கு அதைத்தான் செய்தார்கள், மாத்திரை விழுங்கி ஊதி அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அது யூரியா பரிசோதனை. பால் ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க ஹைட்ரஜன் வாயுவை அளப்பது இன்னொன்று, அது குடலைப் பற்றியது. நான் சொல்வது மூன்றாவது வகை. இது அரை நாள் வேலை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வேறு வகையை எழுதிக்கொண்டு வேறு வகையைச் செய்துகொண்டு வந்தவர்களும் உண்டு.

வேலை செய்யும் விதம் இப்படி. கார்பனில் சாதாரணமாக இருப்பது 12ஆம் எண், அதைவிடக் கொஞ்சம் கனமானது 13ஆம் எண். இயற்கையிலேயே நூறில் ஒரு பங்கு போல இந்தக் கனமான கார்பன் இருக்கிறது, நாம் தின்னும் சோற்றிலும் இருக்கிறது, இதில் கதிரியக்கம் கிடையாது. இந்தக் கனமான கார்பனை வைத்துச் செய்த ஆக்டனாயிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலத்தை முட்டை மஞ்சள் கருவில் கலந்து வேகவைத்துத் தருகிறார்கள். அந்த அமிலம் வயிற்றில் உறிஞ்சப்படாது. வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலைத் தொட்டதும் சட்டென்று உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் எரிந்து, கரியமில வாயுவாகி மூச்சில் வெளியே வரும். அந்த மூச்சைக் குப்பியில் பிடித்து, கனமான கார்பன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று கருவியில் பார்க்கிறார்கள்.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்குக் கண்மாயை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மடையில் நின்று பார்க்காமல், கடைசி வயலில் தண்ணீர் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்த்து மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணிப்பது மாதிரி. வாய்க்கால் நன்றாக இருந்தால் கணக்கு சரியாக வரும். வாய்க்காலில் உடைப்பு இருந்தால் மடையின் மேல் பழி விழும். அதனால்தான் கல்லீரல் நோய், நுரையீரல் நோய், கணையம் சரியாக வேலை செய்யாமை, சிறுகுடல் சத்தை உறிஞ்சாத நோய், இவையெல்லாம் உள்ளவர்களுக்கு இந்த எண்ணை நம்ப முடியாது. அவர்களுக்கு நேராக மடையையே பார்க்கும் ஸ்கேன்தான் சரி. டெக்னீசியம் 99m என்ற கதிரியக்கப் பொருளை முட்டைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்து, சாப்பிட்ட உடனேயும் பிறகு 1, 2, 4 மணி நேரத்திலும் படம் எடுப்பார்கள். 4 மணி நேரம் கழித்தும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வயிற்றில் மிச்சம் இருந்தால் தாமதம் என்று பொருள். அதற்கு அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், எங்களுக்கு அது மதுரை. மூச்சுக்கு அந்தத் தேவை இல்லை. குப்பியில் பிடித்து கூரியரில் அனுப்பலாம் என்பதுதான் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய வசதி.

இனி முதல் இடம். அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, அதனால் நடந்தது எல்லாம் இயல்பாகத்தான் தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், போனோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா வாந்திக்கு டாம்பெரிடோன் எடுத்துக்கொண்டிருந்தார், அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டார். அது வயிற்றைத் தள்ளிவிடுகிற மாத்திரை. வயிறு எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பார்க்கப் போகும் அன்றே அதை விழுங்கிவிட்டுப் போனோம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்றும் யாரும் குத்திப் பார்க்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தால் நல்ல வயிறுகூட மெதுவாகிவிடும், அதனால் ஸ்கேனுக்கான விதிமுறையிலேயே 275க்கு மேல் இருந்தால் அன்று செய்யாதே என்று இருக்கிறது.

முட்டை வந்தது. ஆம்லெட் மாதிரி, நடுவில் கரு இன்னும் கொழகொழவென்று இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் விழுங்கினார். பிறகுதான் தெரிந்துகொண்டேன், மஞ்சள் கரு கெட்டியாக வெந்தால்தான் அந்த அமிலம் அதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், வேகாவிட்டால் பிரிந்து தண்ணீரோடு முன்னாலேயே இறங்கிவிடும். வயிறு தண்ணீரை வேகமாக விட்டுவிடும், கெட்டிச் சாப்பாட்டைத்தான் அரைத்து அரைத்து மெதுவாக விடும். ஆக நாங்கள் அன்று அளந்தது பாதி தண்ணீர் போன கதை.

சாப்பிட்ட பிறகு, "கால் மணிக்கு ஒரு தடவை வந்து ஊதிட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது. கடைத்தெருவுக்குப் போனார், பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்களைப் பார்த்துப் பேசினார், வெயிலில் வேர்க்க வேர்க்க ஓடி வந்து ஊதினார், திரும்பப் போனார். உடம்பு ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியே விடுகிறது என்பதை இவர்கள் அளப்பதில்லை. உயரம், எடை இவற்றை வைத்து, சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். நடந்தால் அந்தக் கணக்கே குழம்பிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது என்றதும் அங்கிருந்த பையன் பாவம் என்று சீனி போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல மனதோடு செய்ததுதான், அவனைக் குறை சொல்லத் தோன்றவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கரும்புச் சீனியில் இந்தக் கனமான கார்பன் இயற்கையிலேயே கொஞ்சம் கூடுதல், அதுவும் மூச்சில் சேர்ந்துகொள்ளும். கடைசியாக, 4 மணி நேரம் எடுக்க வேண்டியதை 2 மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், மதியச் சாப்பாட்டு நேரமாம். மெதுவான வயிறு தன் மெதுவைக் காட்டுவதே அந்தப் பின் பாதியில்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். மாத்திரையும் வேகாத கருவும் வயிற்றை வேகமானதாகக் காட்டுகிற பக்கம், சீனி டீ கணக்கையே குழப்புகிற பக்கம். வந்த தாளில் நார்மல் என்று இருந்ததில் என்ன ஆச்சரியம்? எனக்குக் கோபம் வந்தது அதற்கல்ல. அந்தத் தாளை நம்பி நாங்கள் நான்கு மாதம் அம்மாவிடம், வயிற்றில் ஒன்றும் இல்லை, நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் பிள்ளைகள் சொல்கிறார்களே என்று முக்கி முக்கிச் சாப்பிட்டு வாந்தி எடுத்தார். அந்த நான்கு மாதத்தில் இரண்டு தடவை சர்க்கரை 60க்குக் கீழே இறங்கியது.

ராமநாதபுரத்தில் வேறு ஒரு ஜீரண மருத்துவரிடம் காட்டியபோது அவர் பழைய தாளை வாங்கிப் பார்த்தார். எத்தனை மணி நேரம் எடுத்தார்கள் என்று கேட்டார். இரண்டு என்றதும் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். தன் கிளினிக்கிலேயே குப்பியில் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது, திரும்பச் செய்யலாம் என்றார்.

இரண்டாவது இடத்தைப் பற்றி நான் மனதாரப் பாராட்ட வேண்டியது அந்த டெக்னீசியன் பெண்ணைத்தான். நான்கு நாள் முன்னாலேயே போன் செய்து அம்மாவின் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, டாம்பெரிடோனை மூன்று நாள் நிறுத்தச் சொன்னாள். எடை குறைக்க, சர்க்கரைக்கு என்று செமாக்ளூடைடு மாதிரி ஊசி ஏதாவது போடுகிறாரா என்று தனியாகக் கேட்டாள், அந்த வகை மருந்து வயிற்றை மெதுவாக்கும். அதைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது அடுத்த கேள்வி. "முதல் நாள் ராத்திரி கம்பங்கூழு, கேப்பைக்கூழு, சோளம், இனிப்பு எதுவும் வேண்டாம் அண்ணே, சோறோ இட்லியோ கொடுங்க" என்றாள்.

ஏன் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை, பிறகு தேடிப் படித்தேன். கரும்பு, சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு இவையெல்லாம் வெயிலுக்கு வளரும் ஒரு வகைச் செடிகள், காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறையே வேறு, அதனால் நெல், கோதுமையைவிட அவற்றில் கனமான கார்பன் கூடுதலாகத் தங்குகிறது. முதல் நாள் கூழ் குடித்துவிட்டுப் போனால் அது மறுநாள் காலை மூச்சிலும் வந்து ஆரம்ப அளவை அசைத்துவிடும். கூழ் வீட்டுச் சாப்பாடாக இருக்கும் எங்கள் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியமான விஷயம். பனை அந்த வகை இல்லை, நெல் வகைதான், ஆக கருப்பட்டியும் சீனியும் நாக்குக்குத்தான் ஒன்று, இந்தக் கருவிக்கு வேறு வேறு. அதற்காகப் பரிசோதனை நடக்கும்போது கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் எதையுமே குடிக்கக் கூடாது.

காலை 7 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். விரலில் குத்திப் பார்த்தார்கள், 162. காலை ஊசியை எப்போது போடுவது என்று மருத்துவரே சொல்லியிருந்தார். முட்டையை எங்கள் கண் முன்னாலேயே செய்தாள். மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்து, மருந்தை மஞ்சளில் விட்டு நன்றாக அடித்து, கரு சுத்தமாகக் கெட்டியாகும் வரை தோசைக்கல்லில் விட்டு, பிறகு வெள்ளையைத் தனியாக வேகவைத்துச் சேர்த்தாள். கூடவே இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய், அளந்து ஒரு டம்ளர் தண்ணீர். பத்து நிமிஷத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ரொட்டி பிடிக்காத அம்மா, இதற்குப் பதில் இட்லி தரக்கூடாதா என்று கேட்டார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: எத்தனை நேரத்தில் இறங்கினால் சரி என்ற எல்லையே இந்தச் சாப்பாட்டை நல்ல உடம்புக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து வைத்ததுதான், இட்லிக்கு அந்த எல்லை பொருந்தாது. முட்டை சாப்பிடாதவர்கள் இதை முதலிலேயே பேசிவிடுங்கள், மாற்றிக் கொடுக்கிறோம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால், அந்த மாற்றுச் சாப்பாட்டுக்குத் தனி எல்லை வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

ஊதுவதிலும் விஷயம் இருக்கிறது. முதல் இடத்தில் வாயில் வந்த காற்றை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஊதும்போது முதலில் வருவது வாயிலும் தொண்டையிலும் நின்ற வெறும் காற்று, நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது கடைசியில்தான். இங்கே குப்பியின் அடி வரை ஸ்ட்ராவை விட்டு, மெதுவாக நீளமாக ஊதச் சொல்லி, கண்ணாடியில் ஆவி படிந்ததும், ஊதிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ராவை உருவி உடனே மூடியைத் திருகினாள். சின்ன வயதில் அம்மா இந்தக் கடலில் முங்கிப் பாசி எடுத்தவர், மூச்சை அடக்கியே பழக்கம். முதல் இரண்டு குப்பியில் விட மாட்டேன் என்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். "அம்மா, அடக்காதீங்க, விளக்கை அணைக்கிற மாதிரி இல்லாம அடுப்பை ஊதுற மாதிரி ஊதுங்க" என்று அவள் சொன்ன பிறகு சரியாக வந்தது.

சாப்பாட்டுக்கு முன் 2 குப்பி, பிறகு கால் மணிக்கு ஒன்றாக 4 மணி நேரம், மொத்தம் 18. ஒவ்வொன்றிலும் எண்ணும் நேரமும் முதலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அம்மா அந்த 4 மணி நேரமும் உட்கார்ந்தே இருந்தார், எழுந்திருக்கப் போனால் வந்து உட்கார வைத்தாள்.

குறைகள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 4 மணி நேரம் உட்கார வைக்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள், முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அது பெரிய தண்டனை. கழிப்பறை மாடியில் இருக்கிறது. நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு 18 படி ஏற வைப்பது என்ன நியாயம்? கீழே ஒன்று கட்ட முடியாவிட்டால், பக்கத்துக் கடையில் பேசியாவது வைக்கலாம். முடிவு வர 9 நாள் ஆனது, 5 நாள் என்று சொல்லியிருந்தார்கள், இடையில் இரண்டு தடவை போன் செய்தும் ஒழுங்கான பதில் இல்லை. வந்த தாளும் முழுக்க ஆங்கிலத்தில், ஒரு வளைகோடும் நாலு எண்ணும். மருத்துவர் ஐந்து நிமிஷம் ஒதுக்கி விளக்கியிருக்காவிட்டால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கட்டணம், கூரியரும் சேர்த்து, மதுரைக்கு இரண்டு தடவை கார் வைத்துப் போய் வருகிற செலவைவிடக் குறைவாகத்தான் ஆனது.

முடிவில் வளைகோடு மெல்ல ஏறி, உச்சி தள்ளிப்போய், 4 மணி நேரத்திலும் இறங்காமல் நின்றது. பாதிச் சாப்பாடு இறங்கும் நேரம் ஆய்வகத்தின் மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணை இங்கே எழுதினால் யாராவது தங்கள் எண்ணோடு ஒப்பிடுவார்கள், அது தப்பு. மூச்சில் தெரியும் நேரம் வயிற்றின் நேரத்தைவிட எப்போதும் பிந்தித்தான் இருக்கும், உறிஞ்சி எரிந்து வெளியே வர நேரம் ஆகுமே. 1993இல் பெல்ஜியத்தின் லூவனில் இந்த முறையைக் கொண்டுவந்த குழுவே அதற்கு 66 நிமிஷம் கழித்துத்தான் கணக்குப் போட்டது. சில ஆய்வகங்கள் கழிக்கும், சில கழிக்காது. உங்கள் எண்ணை உங்கள் ஆய்வகத்தின் எல்லையோடு மட்டும் பாருங்கள்.

எவ்வளவு நம்பலாம் என்று நானும் மருத்துவரைக் கேட்டேன். ஆக்டனாயிக்குக்குப் பதிலாகச் சுருள்பாசியை வைத்துச் செய்கிற இன்னொரு வகை இருக்கிறது, அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது அதற்குத்தான். மேயோ கிளினிக்கில் அதை ஸ்கேனோடு சேர்த்தே செய்து பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். தாமதமான வயிறு உள்ள 100 பேரில் 89 பேரைப் பிடித்தது, ஆனால் அந்த அளவுக்குப் பிடிக்க வேண்டுமென்றால் தாமதம் இல்லாத 100 பேரில் 20 பேரையும் தப்பாகத் தாமதம் என்று சொல்லும். இது எல்லாம் ஒழுங்காகச் செய்யும்போது வருகிற எண். அதனால் அம்மாவின் வாந்தி, சர்க்கரை இறங்குவது, முன்பே எண்டோஸ்கோப்பியில் அடைப்பு இல்லை என்று பார்த்தது, இவற்றோடு சேர்த்துத்தான் இந்தத் தாளைப் படிக்கிறேன் என்றார் மருத்துவர். எனக்கு அது நியாயமாகப் பட்டது. சுருள்பாசி என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், நம்ம பாசியா என்று கேட்டார். கடலில் எடுக்கிற பாசி இல்லை, இது தொட்டியில் வளர்க்கிற நுண்ணிய வகை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஊசியின் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள், மூன்று வேளையை ஆறு சின்ன வேளையாக்கினார்கள், எண்ணெய்ப் பண்டமும் நார் நிறைய உள்ள கீரை, முருங்கைக்காயும் குறைந்தன, சோறு குழைய வெந்து வருகிறது, மீனை வறுக்காமல் குழம்பில் போட்டு உதிர்த்துப் பிசைந்து கொடுக்கிறோம். இது அம்மாவுக்குச் சொன்னது, உங்களுக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான். ஏழு வாரம் ஆகிறது. வாந்தி வாரம் ஒரு தடவை என்ற அளவுக்கு வந்திருக்கிறது, ராத்திரி சர்க்கரை 80க்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கவில்லை.

இதே முறையைத் தொடரலாமா என்று பார்க்க ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை ஊதிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதே கிளினிக்குக்குத்தான் போவோம். போகும்போது வீட்டிலிருந்து மெத்தை வைத்த நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறேன், கழிப்பறை கீழே வந்துவிட்டதா என்று முதல் நாளே போன் செய்து கேட்பேன்.